இரவல் சந்தோஷம்

“யக்கா, இன்னைக்குச் சொல்லுததுக்கு ஒரு சந்தோஷம் இருந்தா இரவல் குடேன். எங்கிட்ட இருந்ததெல்லாம் தீந்துபோச்சு.”

“நானே முந்தாநாள் சொன்னதைத்தான் திருப்பிச் சொல்லப்போறேன். நீ ஒண்ணு செய்யி. நேத்தும் விழலைல்லா? அதைச் சொல்லு.”

“அதையா? சொன்னா அந்த அறையில கொண்டுபோய் உக்கார வச்சிருவாவ.”

“அப்பம் சும்மா இரு. எப்படியும் ஒருநாள் விழத்தான் போகுது. ஆரு தலையிலன்னுதான் தெரியல.”

குழாயடியில் இரண்டு பெண்கள் சிரித்தார்கள். குடம் நிறைந்து வழிந்தது. யாரோ குழாயை மூடினார்கள்.

விறகு அடுக்குக்குப் பின்னால் வேப்பங்குச்சியோடு நின்றிருந்த திருமேனி அசையவில்லை. ஒரு குரல் சொர்ணத்தினுடையது. அது யாருக்கும் தெரிந்துவிடும், அவ்வளவு கட்டையான குரல். மற்றது யாருடையது என்று அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெளியே வந்து பார்ப்பதற்குள் குழாயடியில் ஈரம் மட்டும் இருந்தது.

மலையடிவாரத்து மடத்துக்குச் சொந்தமாக ஒரு தைலக் கொட்டகை உண்டு. மூட்டுவலிக்கும் தலைபாரத்துக்கும் அங்கே காய்ச்சிய எண்ணெயை வாங்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருவார்கள். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் வேலைக்கு வந்தார்கள். ஆண்கள் சிலரே.

மடத்தின் குரு உமையாள். நாற்பதை இன்னும் தொடாதவர். திருமேனி அவரைவிட வயதில் மூத்த சீடர். நகரத்தில் ஒரு பெரிய நிறுவனத்தில் ஊழியர் நலனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அதை உதறி வந்தவர். வந்த புதிதில் உமையாள் அவரிடம் கேட்டார்.

“உங்களுக்கு என்ன தெரியும்?”

“வேலை செய்பவர்களை மகிழ்ச்சியாக வைத்துக்கொள்ளத் தெரியும், அம்மா.”

“அப்படியானால் கொட்டகையைப் பாருங்கள்.”

திருமேனி பார்த்தார். மனதாரப் பார்த்தார். புகை போக வழி செய்தார். பெண்களுக்குக் கழிப்பறை கட்டினார். மதியச் சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் கால் நீட்டிப் படுக்கலாம் என்றார். பிறகு மகிழ்ச்சி வட்டத்தைத் தொடங்கினார். காலையில் எல்லோரும் வட்டமாக நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் தனக்கு நடந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். குறை வட்டத்துக்குள் வரக்கூடாது. யாருக்காவது முகம் வாடியிருந்தால், அவர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, பாய் விரித்து, மின்விசிறி மாட்டி, ஜன்னலில் துளசித் தொட்டி வைத்திருந்தார். அமைதி அறை என்று பெயர். சம்பளப் பிடித்தம் கிடையாது. மனது தெளியும்வரை இருந்துவிட்டு, ஒரு நல்லது சொல்லிவிட்டு வெளியே வரலாம்.

அந்த அறையில் இதுவரை ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறாள். பேச்சி. அதற்குப் பிறகு யாருக்கும் முகம் வாடவில்லை. திருமேனிக்கு அதில் பெருமை. நாளை மறுநாள் நகரத்திலிருந்து சிலர் இந்த வட்டத்தைப் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

அன்று காலையும் வட்டம் கூடியது.

“எங்க ஆடு ரெட்டைக் குட்டி போட்டிருக்கு சார்,” என்றாள் ஒருத்தி.

“நேத்து எங்க வீட்டுல கரெண்டு போகல.”

“மாமியா ஊருக்குப் போயிட்டா,” என்றாள் சொர்ணம்.

எல்லோரும் சிரித்தார்கள்.

“முந்தாநாளும் இதைத்தானே சொன்னே சொர்ணம்?”

“இன்னும் வரலையே சார். அந்தச் சந்தோஷம் இன்னும் இருக்குல்லா?”

மறுபடியும் சிரிப்பு. பேச்சியின் முறை வந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, “மல்லிச்செடி பூத்திருக்கு,” என்றாள். குரல் வெளியே வரவே இல்லை. பக்கத்தில் நின்றவள் அதைத் திருப்பிச் சொன்னாள்.

திருமேனி எல்லோர் முகத்தையும் பார்த்தார். ஒரு முகமும் வாடியிருக்கவில்லை. முதல் முறையாக அது அவருக்குப் பிடிக்கவில்லை.

வட்டம் கலைந்ததும் சொர்ணத்தைக் கூப்பிட்டார்.

“காலையில குழாயடியில ஏதோ விழும்னு பேசிட்டிருந்தியே. என்ன விழும்?”

சொர்ணம் முந்தானையை இழுத்துச் செருகினாள். “மழை சார். மழை விழலையேன்னு பேசிக்கிட்டிருந்தோம்.”

“ஆரு தலையிலன்னு சொன்னியே.”

“மழை எல்லாரு தலையிலயுந்தான விழும்?”

“உன்கூடப் பேசினது யாரு?”

“நான் தனியாவுல்லா நின்னேன்! எனக்குத் தானாப் பேசுத வியாதி உண்டு சார். எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க.”

அவள் சிரித்துக்கொண்டே போனாள். வாசலைத் தாண்டியதும் நடை வேகமானதைத் திருமேனி பார்த்தார்.

அன்று முழுவதும் அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டே திரிந்தார்.

கூரைத் தகரங்களைத் தட்டிப் பார்த்தார். மருந்து மூட்டைகளை உயரமாக அடுக்கியிருந்தார்கள், இறக்கிவைக்கச் சொன்னார். மின்விசிறிகளின் திருகுகளை முடுக்கச் சொன்னார். நடு உத்தரத்திலிருந்து ஒரு சங்கிலிக் கப்பி தொங்கியது. எண்ணெய் பதத்துக்கு வந்ததும் செப்புக் கொப்பரையைத் தூக்கிச் சாய்ப்பது அதில்தான். நான்கு பெண்கள் வடிதுணியின் நான்கு முனைகளையும் பிடித்துக் கீழே நிற்பார்கள். எண்ணெய் துணி வழியாகப் பாத்திரத்தில் இறங்கும். திருமேனி அந்தச் சங்கிலியைப் பிடித்து இரண்டு கையாலும் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தார். அது அசையவில்லை. கொப்பரை அடுப்பின்மேல் கனமாக உட்கார்ந்திருந்தது.

கொட்டகைக்கு வெளியே ஒரு தென்னை நின்றது. பெண்கள் சாப்பிடும் இடத்துக்கு நேர் மேலே குலை தள்ளியிருந்தது. திருமேனிக்கு மூச்சு வந்தது. உடனே ஆள் கூப்பிட்டு எல்லாக் காய்களையும் பறிக்கச் சொன்னார். ஓலைகளையும் வெட்டச் சொன்னார். பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்கள்.

“இதுதானே?” என்று சொர்ணத்தைக் கேட்டார்.

சொர்ணம் மொட்டை மரத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“ஆமா சார்,” என்றாள். “இதுதான்.”

அவள் பின்னால் நின்ற யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

அன்றைக்குத் திருமேனி சரியாகச் சாப்பிடவில்லை. சோற்று உருண்டையைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட கேள்விக்கு, அவருக்கு என்ன பதில் பிடிக்குமோ அதைச் சொர்ணம் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு சுலபமாக. அவ்வளவு பழக்கமாக.

மறுநாள் காலை வட்டத்தில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள்.

“சார் தேங்கா பறிக்கச் சொன்னாவ. சந்தோஷம்.”

“எங்க தலைமேல அவ்வளவு அக்கறை சார் உங்களுக்கு. சந்தோஷம்.”

“வீட்டுக்கு ஆளுக்கு ரெண்டு தேங்கா. துவையல் அரைச்சோம். சந்தோஷம்.”

கைதட்டினார்கள். திருமேனி அவர்கள் தலைகளைப் பார்த்தார். இவர்களில் ஒருவர் தலையில் ஏதோ ஒன்று விழப்போகிறது. அது எது என்று இவர்கள் எல்லோருக்கும் தெரியும். அவரைத் தவிர எல்லோருக்கும். சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வட்டம் முடிந்ததும் மாசானத்தைத் தனியாக அழைத்தார். கப்பியை இழுப்பவன் அவன்தான். நல்ல உடற்கட்டு உள்ளவன்.

“மாசானம், நீ ஆம்பளை. உள்ளதைச் சொல்லு. இங்க என்ன ஆபத்து இருக்கு?”

“ஆபத்தா? இங்கயா?” மாசானம் தலையைச் சொறிந்தான். “நல்லாத்தான சார் இருக்கோம்.”

“உனக்கு ஒரு குறையும் இல்லையா?”

“குறைன்னா அறைக்குல்லா போணும்.” சொன்ன உடனே நாக்கைக் கடித்துக்கொண்டான். “சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் சார்.”

“அறைக்குப் போனா என்னப்பா? விசிறி இருக்கு, பாய் இருக்கு.”

“விசிறியெல்லாம் இருக்கு சார்.” அவன் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். “பேச்சி ஒருநாள் உக்காந்துட்டு வீட்டுக்குப் போனா. அவ போய்ச் சேர முந்தியே ஊருக்குச் சேதி போயிட்டு, பிள்ளைக்கு மடத்துல புத்தி பெரண்டுபோச்சு, அடைச்சு வச்சிருக்காவன்னு. மாப்பிள வீட்டுக்காரன், பயித்தியம் தெளிய அவ தலையில எலுமிச்சம்பழம் தேய்க்கணும்னு கூட்டிட்டுப் போயிருக்கான். அவகிட்ட இன்னும் பச்சப்பிள்ளையக் குடுக்கமாட்டேங்குதாவ.”

“நான் அடைச்சு வைக்கலையே.”

“இல்ல சார். நீங்க நல்லவுக.”

மாசானம் அடுப்புக்கு விறகு எடுக்கப் போய்விட்டான்.

கொப்பரை ஏற்கெனவே அடுப்பில் இருந்தது. அன்று காய்ச்சுவது மறுநாள் வருகிறவர்களுக்கு என்று தனியாக மருந்து சேர்த்த தைலம். மதியத்துக்குள் பதம் வந்துவிடும்.

திருமேனி உமையாளைத் தேடிக்கொண்டு போனார். அவர் கிணற்றடியில் தன் புடவையைத் துவைத்துக்கொண்டிருந்தார்.

“அம்மா, ஒரு கேள்வி.”

“கேளுங்கள்.”

“கொட்டகையில் எல்லோரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்.”

“இது கேள்வி இல்லையே.”

“எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா.”

உமையாள் புடவையைக் கல்லின்மேல் வைத்தார். கையை உதறிவிட்டு எழுந்தார். மிகுந்த கனிவோடு அவரைப் பார்த்தார்.

“பயமா?”

“ஆமாம். அங்கே—”

“அடடா.” உமையாள் கையை உயர்த்தினார். “வேண்டாம். சொல்லச் சொல்லப் பெரிதாகும். என்னோடு வாருங்கள்.”

“அம்மா, நான் சொல்ல வந்தது—”

“முதலில் மனது தெளியட்டும்.”

அவர் முன்னால் நடந்தார். குரு நடக்கும்போது சீடர் பின்னால் போக வேண்டும். திருமேனி போனார். வழியில் உமையாள் மாசானத்தைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு ஓடினான். பிறகு அமைதி அறையின் கதவைத் திறந்து, பாயைத் தட்டிப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டார்.

“உட்காருங்கள்.”

திருமேனி உட்கார்ந்தார். உமையாள் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். சாமான் அறையாக இருந்த காலத்துத் தாழ்ப்பாள் ஒன்று வெளிப்பக்கம் இருந்தது. அது நகரும் சத்தம் கேட்டது.

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. குருமார்கள் இப்படித்தான் ஏதாவது செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டார். கண்ணை மூடி மூச்சைக் கவனித்தார்.

பிறகு கொட்டகையின் சத்தம் நின்றது.

அங்கே எப்போதும் ஏதாவது சத்தம் இருக்கும். உரலில் இடிக்கும் சத்தம், விறகு பிளக்கும் சத்தம், சொர்ணத்தின் குரல். எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுவிட்டது. விசிறி மட்டும் கிறீச்சிட்டுக்கொண்டு சுற்றியது.

திருமேனி எழுந்து ஜன்னலுக்குப் போனார். அது மதிலைப் பார்த்த ஜன்னல். மதிலையும் துளசியையும் தவிர வேறொன்றும் தெரியவில்லை. துளசியில் ஓர் இலைகூட ஆடவில்லை.

விழுந்துவிட்டதா?

விழுந்திருந்தால் சத்தம் வந்திருக்கும். யாராவது அலறியிருப்பார்கள். இங்கே யாரும் அலறமாட்டார்களோ என்று அவருக்குத் தோன்றியது. அலறாமல் இருக்கத்தான் அவர் ஒவ்வொரு காலையும் பழக்கியிருக்கிறார்.

கதவைத் தட்டினார்.

“அம்மா!”

“இங்கேதான் இருக்கிறேன்,” என்றது உமையாளின் குரல். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிறார் போல.

“கதவைத் திறங்கள், அம்மா. கொட்டகையில் சத்தமே இல்லை.”

“மூச்சை மெதுவாக விடுங்கள்.”

“அங்கே ஏதோ விழப்போகிறது. யார் தலையிலோ விழப்போகிறது. நான் கேட்டேன்.”

“நல்லதையே நினையுங்கள்.”

“எது விழும் என்று கேளுங்களேன்! எதற்குப் பயம் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா?”

வெளியிலிருந்து அதே கனிவான குரல் வந்தது.

“இன்று நடந்த நல்லது ஒன்று சொல்லுங்கள். திறக்கிறேன்.”

திருமேனி கதவில் வைத்த கையை எடுக்கவில்லை. அந்தக் கதவின் மரத்தில், அவருடைய மார்பு உயரத்தில், வெள்ளைப் பூச்சின்மேல் ஓர் இடத்தில் எண்ணெய் அழுக்குப் படிந்திருந்தது. உள்ளங்கை அளவு. தன் கையைவிடச் சிறிய கை.

பேச்சியை உட்காரவைத்த அன்று அவர் தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளியிருந்தால் கதவு திறந்திருக்கும். பேச்சி கையை வைத்திருக்கிறாள். தள்ளவில்லை.

அந்தக் காலை அவருக்கு இப்போது முழுவதுமாக வந்தது. வட்டத்தில் அவள் முறை. எனக்குப் பயமா இருக்கு சார், என்றாள். பயம்னா, அந்த, என்று தொடங்கினாள். அவர்தான் கையை உயர்த்தினார். வேண்டாம்மா, சொல்லச் சொல்லப் பெரிசாகும். எவ்வளவு இதமாகச் சொல்கிறோம் என்று அப்போது தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டதுகூட ஞாபகம் வந்தது. மாலையில் அவள் வெளியே வந்து, “இப்ப நல்லாருக்கேன் சார், பயமெல்லாம் போயிட்டு,” என்றாள். அவர் மற்றவர்களிடம் அதைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார்.

கொட்டகையில் இன்னும் சத்தம் இல்லை.

“அம்மா,” என்றார். “தென்றல் நன்றாக வீசுகிறது. மனதுக்கு இதமாக இருக்கிறது.”

தாழ்ப்பாள் நகர்ந்தது.

உமையாள் அவர் முகத்தைப் பார்த்து, “தெளிந்துவிட்டதே,” என்றார்.

திருமேனி அவரைத் தாண்டிக்கொண்டு ஓடினார். வேட்டி தடுக்கியது.

கொட்டகையில் யாரும் இல்லை. அடுப்பில் தீ மட்டும் எரிந்துகொண்டிருந்தது. எண்ணெய் கொதிக்கும் வாசனை. வெளியே வேப்பமரத்தடியில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைப் போல. மாசானம் எழுந்து நின்றான்.

“அம்மா மறுசொல்லு வாற வரைக்கும் ஆரும் உள்ள போகக்கூடாதுன்னாவ சார். பேசவும் கூடாதுன்னாவ.”

திருமேனி ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் குறையவில்லை. நேராகப் பேச்சியிடம் போய் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அவள் பதறி எழப்போனாள்.

“உக்காரு பேச்சி. அன்னைக்கு வட்டத்துல பயமா இருக்குன்னு சொன்னியே. எதுக்குப் பயம்?”

பேச்சி சிரித்தாள். நன்றாக, பல் தெரிய.

“அதெல்லாம் இப்ப ஒண்ணுமில்ல சார். சந்தோஷமா இருக்கேன்.”

“அறைக்கு அனுப்பமாட்டேன். சத்தியமா. சொல்லு.”

“நிசமாவே சந்தோஷமாத்தான் சார் இருக்கேன். மல்லிச்செடி பூத்திருக்கு.”

அவளுடைய விரல்கள் முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டி அவிழ்த்துக்கொண்டிருந்தன.

பின்னால் உமையாள் வந்து நின்றார். திருமேனி எழுந்தார்.

“நான் கேட்டுவிட்டேன், அம்மா. எதற்கு என்றும் கேட்டுவிட்டேன். சொல்லமாட்டேன் என்கிறாள்.”

“உள்ளேயிருந்து என்னிடம் என்ன சொன்னீர்கள்?”

“தென்றல் வீசுகிறது என்றேன்.”

“வீசியதா?”

திருமேனி பேச்சியைப் பார்த்தார்.

உமையாள் துவைத்து முடிக்காமல் விட்டுவந்த புடவைக்குத் திரும்பிப் போனார்.

“பதம் தாண்டிரும் சார்,” என்றான் மாசானம் மெதுவாக. “தீ எரியுது, இப்ப எறக்கலேன்னா கொப்பரை முழுக்க வீணாப்போகும். நாளைக்கு ஆளு வருதே.”

“சரி. போங்க.”

அவர்கள் எழுந்தார்கள். தினமும் செய்வதைப் போல உள்ளே போனார்கள். சொர்ணமும் பேச்சியும் இன்னும் இருவரும் வடிதுணியை விரித்து ஆளுக்கொரு முனையைப் பிடித்தார்கள். மற்றவர்கள் சுவரோரம் ஒதுங்கினார்கள். மாசானம் கொப்பரையின் வளையங்களில் கொக்கியை மாட்டிவிட்டுச் சங்கிலிக்குப் போனான்.

திருமேனி வாசலில் நின்று பார்த்தார். வழக்கமாக இந்த நேரத்தில் அவர் உள்ளே வரமாட்டார். இது அவர் தியானத்தில் உட்காரும் நேரம். யாராவது பெரியவர்களைக் கூட்டிவரும்போது தூரத்திலிருந்து காட்டியிருக்கிறார்.

மாசானம் சங்கிலியின் தளர்வை எடுக்க ஒரு பிடி இழுத்தான். மேலே கப்பிக்குள் டக்கென்று ஒரு சத்தம்.

நான்கு பெண்களும் ஒரே நேரத்தில் அரை அடி பின்னால் போனார்கள். துணி விறைத்தது. சத்தம் அடங்கியதும் அரை அடி முன்னால் வந்தார்கள்.

இந்த அசைவைத் திருமேனி முன்பே பார்த்திருக்கிறார். வந்தவர்களிடம் காட்டி, பாருங்கள், வேலையிலேயே ஒரு தாளம் வந்துவிட்டது இவர்களுக்கு, நடனம் மாதிரி இல்லையா, என்று சொல்லியிருக்கிறார்.

இப்போது அவர் கால்களைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்தார். நான்கு பேரும் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாசானமும். சுவரோரம் நின்றவர்களும்.

அவர் நேற்று வெறுங்கையால் இழுத்துப் பார்த்த சங்கிலி. வெறுங்கைக்கு அது அசையவில்லை. கொப்பரை நிறைய எண்ணெய் இருக்கும்போது அவர் ஒருநாளும் இழுத்துப் பார்த்ததில்லை.

அவர் உள்ளே போய்ப் பேச்சியின் கையிலிருந்த துணி முனையை வாங்கினார்.

“சார், நீங்க எதுக்கு,” என்றாள் பேச்சி.

“தள்ளி நில்லும்மா.”

அவள் விலகினாள். அவர் துணியைப் பிடித்துக்கொண்டு, கொப்பரை தொங்கப்போகும் இடத்துக்குக் கீழே நின்றார். அந்த இடத்தில் வெக்கை முகத்தில் அடித்தது. எண்ணெய் குமிழ்விட்டு வெடிக்கும் சத்தம் காதருகில் கேட்டது. நாள்தோறும் இவர்கள் இங்கேதான் நிற்கிறார்கள்.

“இழு மாசானம்.”

மாசானம் சங்கிலியைப் பிடித்தான். இழுக்கவில்லை.

“சார், நீங்க வாசல்ல நில்லுங்க. உடம்புல தெறிக்கும்.”

“பேச்சி மேல தெறிக்காதா?”

மாசானம் தலையை உயர்த்திக் கப்பியைப் பார்த்தான்.

“இங்க நிக்கக்கூடாதுன்னா ஏன்னு சொல்லு. போயிடுறேன்.”

சொர்ணத்தின் வாய் திறந்தது. அவளிடம்கூட ஒரு வேடிக்கைப் பேச்சு வரவில்லை. மற்ற இரண்டு பெண்களும் துணியை விடாமல், தலையை மட்டும் பின்னால் சாய்த்து நின்றார்கள்.

“அப்போ இழு. எல்லாம் நல்லாத்தானே இருக்கு?”

“கை வலிக்குது சார்,” என்றான் மாசானம். அவன் கண் கலங்கியிருந்தது.

“பதம் போயிடும்னு நீதானே சொன்னே. இழு.”

அவர் குரல் நடுங்கியது. எல்லோருக்கும் கேட்டது. மாசானம் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சங்கிலியை மெல்ல இழுத்தான். கொக்கி இறுகியது. கொப்பரையின் ஒரு காது வளையம் முனகிக்கொண்டு நிமிர்ந்தது. மேலே டக்கென்று சத்தம். மூன்று பெண்களும் அரை அடி பின்னால் போனார்கள். திருமேனிக்கு அந்த அடி தெரியாது. அவர் அங்கேயே நின்றார்.

பேச்சி சுவரோரம் போயிருந்தாள். அங்கிருந்து நடந்து வந்தாள். அவரையும் பார்க்கவில்லை, மாசானத்தையும் பார்க்கவில்லை. அடுப்பு வாயில் குந்தி உட்கார்ந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, எரிந்துகொண்டிருந்த விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மண்ணில் போட்டாள்.